தூசி உங்களோடது

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது டேனியலின் மகள் எஸ்தர் போன் செய்தாள். "அங்கிள், அப்பா போயிட்டாரு." சரி என்றேன். காபி போட்டுக் குடித்துவிட்டுத்தான் சிட்லபாக்கத்துக்குக் கிளம்பினேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

டேனியலும் நானும் ஒரே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில், ஒரே ஷிப்டில் இருந்தவர்கள். கல்நார் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டுவது எங்கள் வேலை. ஷிப்ட் முடிந்ததும் காற்றுக் குழாயை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் அடித்துத் தூசியைப் போக்குவோம். அவர் கைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். "மாப்பிள்ளை மாதிரி அனுப்புப்பா, இல்லேன்னா வூட்ல சேர்த்துக்க மாட்டாங்க" என்பார். கூட இருந்தவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். சுத்தம் செய்வதாகத்தான் நினைத்தோம். அந்தத் தூசி ஆளைக் கொல்லும் என்று தெரிந்தவர்கள் மாடியில், கண்ணாடி அறைக்குள் இருந்தார்கள். யாரும் இறங்கி வந்து சொல்லவில்லை.

மிச்சத் தூசியை அவருடைய காக்கிச் சட்டையிலிருந்து அவர் தங்கை கிரேஸ் உதறித் துவைப்பாள். கம்பெனி வாசலைக்கூடப் பார்க்காதவள். அவளுக்குத்தான் முதலில் வந்தது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய். மீசோதெலியோமா என்ற பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்து அவருக்கும் அதுவே வந்தபோது, "அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும்னா, இது உங்க ஃபேமிலி வியாதிப்பா" என்றார் கம்பெனி அதிகாரி. மூச்சு வாங்கிக்கொண்டே டேனியல் சொன்னார்: "எங்க ரத்தத்துல ஆயிரம் கோளாறு இருக்கட்டும் சார். தூசி உங்களோடது."

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சில குடும்பங்களில், உடலைக் காக்கும் ஒரு மரபணு பிறவியிலேயே பழுதாக இருக்கும். அவர்களுக்குக் கொஞ்சம் தூசியே போதும். பழுது இல்லாதவர்களையும் தூசி விட்டுவிடுவதில்லை. இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடக்கத்தன்று பந்தல்காரர் கயிறு கட்டுவதற்காகப் பின்பக்கக் கூரையில் ஓட்டை போட ஏறினார். கம்பெனியில் கழித்துப் போட்ட ஷீட்டுகளை வாங்கிப் போட்ட கூரை அது. துளைத்தால் அதே தூசி பறக்கும், இறங்கு என்று கத்தினேன்.

"இன்னா பெருசு, சாவு வூட்ல வந்து பேஜார் பண்ணிகினு கீற?"

அவர் இறங்கும்வரை ஏணியை நான் விடவில்லை.

எஸ்தரின் மாமா என்னை ஓரமாக அழைத்துப் போனார். "ரத்தம், பரம்பரைன்னு எல்லாம் வெளிய பேசாதீங்க சார். பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

"பேசுவேன்" என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எல்லோரும் போன பிறகு வந்து உட்கார்ந்தாள். "அந்த மரபணு டெஸ்ட் எடுத்துக்கறேன் அங்கிள். ஆனா எனக்கும் அந்தப் பழுது இருக்குன்னு வந்துட்டா, கம்பெனிக்காரங்க சொன்னதுதான் சரின்னு ஆயிடாதா?"

"உங்கப்பா அதுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் போயிருக்காரும்மா."

"தூசி அவங்களோடது" என்றாள்.

டேனியலிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, அந்த வாக்கியம். மற்றது, அவர் சட்டையிலிருந்து பறந்து என் மூச்சுக்குள் போன தூசி. இரண்டையும் நான் வெளியே விடப்போவதில்லை என்று எழுத நினைத்தேன். தூசிதான் உள்ளே இருக்கும். வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.