சந்தையில் நழுவிய பேர்

ஹொய்மா சந்தையில் எதீசாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் தலைக்கனம் பிடித்தவள் என்றுதான் சொல்வார்கள். எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், பார்த்தாலும் நலம் விசாரிக்க மாட்டாள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கோழி திருடியவன் அகப்பட்டால்கூட அவனுடைய எம்பாகோவைச் சொல்லி நலம் கேட்டுவிட்டுத்தான் உதைப்போம். குழந்தைக்கு வீட்டார் சூட்டுகிற அன்புப் பேர்தான் எம்பாகோ. மொத்தமே ஒரு டஜன் பேர் இருக்கும், அதை ஊரே பங்குபோட்டுக்கொண்டிருக்கிறது. புது ஆளாக இருந்தால் முதலில் அதைக் கேட்டுக்கொண்டுதான் பேச்சையே தொடங்க வேண்டும். எதீசாவின் எம்பாகோ அப்வோலி. அதைச் சொல்லி அவளைக் கூப்பிடுகிறவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள்.

தலைக்கனமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் பார்த்த வேலை அப்படி. மிஷன்காரர்கள் நடத்திய சின்ன நிலையத்தில் அவள் நர்ஸ். எச்.ஐ.வி. முற்றியவர்கள், அதோடு புற்றும் சேர்ந்துகொண்டவர்கள், இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், இவர்களைத் தேடி மோட்டார் சைக்கிளில் போவாள். புண் கழுவுவாள், வலிக்கு மார்ஃபின் கொடுப்பாள். அதை எழுதித் தரும் அதிகாரம் அவளுக்கே இருந்தது, டாக்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. அவள் ஒருவரைப் பார்த்து ஒரு வார்த்தை விசாரித்தால் போதும், அந்த ஆளுக்கு இன்ன நோய் என்ற செய்தி பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரை வரை போய்விடும்.

அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே சொல்லிவிடுவாள். "ரோட்டுல என்னைப் பாத்தா நீ யாரோ நான் யாரோ. மூஞ்சியத் திருப்பிட்டுப் போவேன். மனசுல வெச்சுக்காத." நோயாளிகளிடம் மட்டும் முகம் திருப்பினால் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, நாளடைவில் யாரையுமே விசாரிப்பதை விட்டுவிட்டாள். வாத்தியார் வேலை பார்த்த அவள் புருஷன் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தான். "உன்கூட நடந்தா என்னையும் யாரும் மதிக்கறதில்ல" என்று சொல்லி மசிண்டிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். வா என்று கூப்பிடவில்லை. அதன் பிறகு அவள் வீட்டில் பேசியது ரேடியோ ஒன்றுதான்.

அப்படிப்பட்டவளுக்கு மனம் விட்டுச் சிரிக்க ஒரே ஓர் இடம் இருந்தது. புலிண்டியில், மாவு மில்லுக்குப் பின்னால், தையல்காரி கஹுண்டேயின் ஒற்றை அறை. அகீகி என்பது அவளுடைய எம்பாகோ. கஹுண்டேக்கு எச்.ஐ.வி.யோடு கருப்பைவாயில் புற்று. நாற்றம் தெரியாமலிருக்கக் கட்டிலுக்கடியில் ஒரு தட்டு நிறையக் கரி வைத்திருந்தாள். நாற்றம் அடங்குவதற்கு எதீசா மாத்திரையை நுணுக்கிப் புண்ணில் தூவிவிடுவாள். பச்சை நிற மார்ஃபினைப் பழைய தண்ணீர் பாட்டிலில் கொடுத்து, வயிறு இளகுவதற்குப் பப்பாளி விதைப் பொடியும் கொடுப்பாள்.

"வா அப்வோலி. ஊருல யார் யார் போய்ச் சேந்தாங்க?"

"உன்னை முந்திக்கிட்டுப் போக எவனுக்கும் தைரியம் வரல, அகீகி."

"அப்ப நான்தான் வரிசையில மொதல் ஆள். ஆயுசுல இப்பத்தான் மொதல்ல நிக்கறேன். அது கெடக்கட்டும், உன் சட்டையத் தச்சவனுக்குக் கண்ணு தெரியாதா? தோள் ரெண்டும் ஆளுக்கொரு ஜில்லாவுல நிக்குது."

வாரத்துக்கு ஒரு தடவை இந்தக் கிண்டலைக் கேட்கத்தான் எதீசா மற்ற நாட்களைத் தள்ளினாள்.

ஆனால் ஒரு கவலை அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பச்சை மருந்தை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் கொடுக்க வேண்டும். கஹுண்டேயின் கை நடுங்கும், பாதி மருந்து பாயில் கொட்டும், அசந்து தூங்கினால் வலி வந்துதான் எழுப்பும். "ஒரு ஆள் வேணும் அகீகி. உன் அக்காகிட்டச் சொல்லு" என்று எதீசா ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவாள்.

கஹுண்டே மசிய மாட்டாள். அக்கா கபதாலியா சந்தையில் கருவாடு விற்கிறவள். பச்சை மருந்து எங்கள் பக்கம் வருவதற்கு முன்னால், இதே எச்.ஐ.வி.யில் தம்பிகள் இருவரையும் மடியில் போட்டுப் பார்த்தவள். அவர்கள் கத்திக் கத்தியே செத்தார்கள். இரண்டாமவனைப் புதைத்த அன்று, "இன்னொருத்தருக்கு இப்படி வந்தா நான் ஏரியில விழுந்துடுவேன்" என்று சொன்னாள். கஹுண்டே அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டாள். கம்பாலாவில் தையல் வேலை என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, பக்கத்து ஊரிலேயே இந்த அறைக்குள் ஒளிந்துகொண்டாள். ஆனால் வாயைத் திறந்தால் அக்கா பேச்சுதான். அட்யேரி களி கிண்டினால் கட்டியே விழாது, அட்யேரி திட்டினால் நாய்கூட வாலைச் சுருட்டும். அட்யேரி என்பது அக்காவின் எம்பாகோ.

கேட்டுக் கேட்டு எதீசாவுக்கு அந்த அக்காவைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. சந்தைக்குப் போனாள். கஹுண்டேயின் முகமேதான், கொஞ்சம் சதை போட்டிருந்தது. அன்றிலிருந்து கருவாட்டை அந்தக் கடையில்தான் வாங்கினாள், வாயைத் திறக்காமல். ஒரு நாள் கபதாலியா ஒரு கை கருவாடு கூடுதலாக அள்ளிப் போட்டாள்.

"ஏம்மா நர்ஸு, எலும்பும் தோலுமா இருக்கியே. வீட்டுல ஆக்கிப் போட ஆளில்லையா?"

எதீசாவிடம் யாரும் இப்படிக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. உருகிப்போனாள். "ரொம்ப நன்றி, அட்யேரி" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

கபதாலியாவின் கை பாதியில் நின்றது. "என்ன பேரு சொன்ன?"

"சும்மா... குத்துமதிப்பா..."

"குத்துமதிப்பா! ஒரு டஜன்ல ஒண்ண எடுத்து வீசுன, அது நேரா என் தலையில வந்து விழுந்துச்சா? ரெட்டைப் பிள்ள பெத்ததுலேர்ந்து இந்தச் சந்தையில நான் எல்லாருக்கும் இரட்டைப்பிள்ளைக்காரி, எம்பாகோ சொல்லி யாரும் கூப்பிடறதில்ல. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டவங்க எல்லாரும் மண்ணுக்குள்ள இருக்காங்க. மிச்சம் ஒருத்திதான், அவ கம்பாலால இருக்கா." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் இறங்கிப்போனது. எதிரே நிற்பவள் எந்த மாதிரி வீடுகளுக்குப் போகிறவள் என்பது அவளுக்கும் தெரியுமே. "நர்ஸம்மா, அவ எங்க இருக்கா?"

எதீசா வாக்குக் கொடுத்தவள். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். வேறு பதிலே வேண்டியிருக்கவில்லை.

நேராகப் புலிண்டிக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கஹுண்டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"ஊரையே ஏமாத்தற, ஒரு கருவாட்டுக்காரிய ஏமாத்தத் தெரியலையா உனக்கு? ரெண்டு பேருக்குப் பீமூத்திரம் அள்ளுனவ அவ. மூணாவதா என்னையும் கொண்டுபோய் அவ முன்னாடி போட்டுட்டியே."

"அகீகி, தப்புதான். ஆனா..."

"வெளிய போங்க, நர்ஸம்மா. இனி வராதீங்க."

அவள் திட்டியதைவிட அந்த 'ங்க'தான் எதீசாவைக் கொன்றது.

அடுத்த தடவை போனபோது அறை காலியாக இருந்தது. கரித் தட்டு மட்டும் வாசலில் கிடந்தது. கபதாலியா பைக் டாக்ஸிக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, நர்ஸ் வண்டி எங்கெங்கே நிற்கிறது என்று கேட்டிருக்கிறாள். அவர்களும் மாவு மில்லைக் கைகாட்டியிருக்கிறார்கள். வந்தாள், தங்கையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வண்டியை மாதா கோவிலில் விட்டுவிட்டு, எதீசா வாழைத்தோப்பு வழியாகக் கபதாலியா வீட்டின் பின்பக்கம் போனாள். வேலியோரம் கபதாலியா வழிமறித்தாள்.

"உன் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறா."

"மருந்து தீந்திருக்குமே."

"தீந்துபோச்சு. காலையிலேர்ந்து கத்தறா, தம்பிங்க மாதிரியே. எப்படிக் குடுக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடு."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எதீசா சொல்லிக்கொடுத்தாள். ஊசியில்லாத சிரிஞ்சுல இந்தக் கோடு வரை உறிஞ்சு, கன்னத்தோரமா விடு, வலி வரட்டும்னு காத்திருக்காத, படுக்கப் போகும்போது ரெண்டு பங்கு. கபதாலியா வெறும் தண்ணீரை வைத்து ஒரு தடவை செய்து காட்டினாள். பிறகு பாட்டிலை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இந்தப் பச்சைத் தண்ணி அன்னிக்கு இருந்திருந்தா என் தம்பிங்க..."

அதிலிருந்து வாராவாரம் வேலியோரம்தான். புண் எப்படி, தூக்கம் எப்படி என்று எதீசா கேட்பாள், அக்கா சொல்வதை வைத்து மருந்தைக் கூட்டிக் கொடுப்பாள். ஒரு நாள் உள்ளேயிருந்து கஹுண்டேயின் குரல் கேட்டது. "அட்யேரி, களியில உப்பே இல்ல. எனக்கு முன்னாடி உன் நாக்கு செத்துப்போச்சா?" அக்காளும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதீசாவும் வேலிக்கு வெளியே நின்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. தன் வயிற்றெரிச்சலை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

கேழ்வரகு அறுவடை சமயத்தில் ஒரு நாள் போனபோது முற்றத்தில் துக்கத்துக்கு மூட்டிய நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுக்கக் கபதாலியா பாட்டிலோடு வேலிக்கு வந்தாள்.

"வலி இருந்துச்சா?"

"இல்ல. பேசிக்கிட்டே இருந்தா, என் மடியிலேயே தூங்கிட்டா."

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். இருந்தும் கேட்டுவிட்டாள். "என்னைக் கேட்டாளா?"

"கேக்கல. பொய் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

பக்கத்தில் ஒரு ஆள், வலியில்லாத சாவு. கஹுண்டேக்காக எதீசா ஆசைப்பட்டது இவ்வளவுதான், அது நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனாலும் கபதாலியாவோடு உட்கார்ந்து அகீகியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனால் போதும் போலிருந்தது. ஹொய்மாவில் வேறு யாரிடமும் அந்தப் பேரை எடுக்க முடியாது.

கபதாலியா முந்திக்கொண்டாள். "நர்ஸம்மா, சொல்றேன்னு கோச்சுக்காத. ஊருக்குக் குடல்புண்ணுன்னு சொல்லியிருக்கேன். என் பொண்ணுங்க ரெண்டும் கல்யாண வயசுல நிக்குது. இனி கடைக்கு வராத."

"வரல" என்றாள் எதீசா.

பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு தோப்புக்குள் இறங்கினாள். அங்கே பக்கத்து வீட்டுக்காரி வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தாள். எதீசா வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தாள்.

"சாவு வீட்டோரமாப் போறா, ஒரு வார்த்தை துக்கம் கேக்கறாளா பாரு!" அந்தப் பெண் வேலிப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "இரட்டைப்பிள்ளைக்காரி, இவ உனக்குத் தெரிஞ்சவளா?"

"யாரு அது?" என்றாள் கபதாலியா. "எனக்குத் தெரியாதே."

எதீசாவுக்குத் தெளிவாகவே கேட்டது. தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவள் பிசகில்லாமல் ஒப்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். தோப்பின் நடுவில் ஆள் அரவமில்லாத இடம் வந்ததும், அகீகி, அகீகி என்று வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதாள்.