சந்தனம் தொட்ட குவார்ட்ஸ் செல்: பொகவந்தலாவையிலிருந்து கந்தப்பளைக்கு ஒரு பகல்

விஜயதசமிக்கு மறுநாள் நானும் என் மகள் தாரணியும் பொகவந்தலாவையிலிருந்து கந்தப்பளைக்குப் பஸ்ஸில் போய் வந்தோம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தாரணி கம்பஸில் இரசாயனவியல் கடைசி வருடம் படிக்கிறாள். தேயிலையில் இருக்கும் தியானின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. கந்தப்பளைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் அதை அளக்கும் கருவி இருக்கிறது. அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வறிக்கையை ஒப்படைக்க வேண்டும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் இந்த வருடம் போய்விடும். கையில் ஐஸ் பெட்டியோடு மூன்று பஸ் ஏறி இறங்க வேண்டும் என்பதால் துணைக்கு நானும் கிளம்பினேன். எங்கள் கடையை அவளுடைய அப்பா பார்த்துக்கொண்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைதான் படித்தவள். பிறகு படித்ததெல்லாம் கடைக்குப் பொட்டலம் கட்ட வரும் பேப்பரிலும் தாரணியின் புத்தகங்களிலும்தான். அதனால் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நான் கை முறுக்கு சுற்றினால் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். என் நாத்தனாருக்கு இடது கைப் பழக்கம்; அவள் சுற்றுவது எதிர்ப்பக்கம். தட்டில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ருசியும் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பொருந்தாது. தியானினிலும் அப்படி இடக்கை, வலக்கை என்று இரண்டு வகை உண்டாம். தேயிலைச் செடி உண்டாக்குவது பெரும்பாலும் இடக்கை வகை. சூடு அதிகமானால் அதில் கொஞ்சம் வலக்கையாக மாறிவிடுமாம்.

எவ்வளவு மாறியது என்று கண்ணால் பார்க்க முடியாது. கழியூதா, அதாவது அல்ட்ரா வயலட் ஒளியைத் திருகாணி மாதிரி முறுக்கி, ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி, தியானின் கரைந்த தண்ணீருக்குள் அனுப்புகிறார்கள். தியானின் அதில் ஒன்றைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கும். அந்த வித்தியாசம்தான் கணக்கு. இதை அவர்கள் சுருக்கமாக சீடி என்கிறார்கள்.

காலை 5.10க்கு பொகவந்தலாவையில் ஹட்டன் பஸ். ஆளுக்கு 120 ரூபா. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டதால் அதற்குத் தனி டிக்கட் கேட்கவில்லை. நோர்வூட் தாண்டும்போது விடிந்து, தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு வந்த பெண்கள் அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். 6.35க்கு ஹட்டன். பஸ் நிலையத்தில் இரண்டு பிளேன்டீயும் நான்கு உளுந்து வடையும் 320 ரூபா. வடை ஆறியிருந்தது, வாங்காதீர்கள், வீட்டிலிருந்தே ரொட்டி கட்டிக்கொண்டு போங்கள். 7.05க்கு நுவரெலியா பஸ், 210 ரூபா, சுமார் 45 கிலோமீட்டர். தலவாக்கலைக்குப் பிறகு வளைவுகள் அதிகம். வாந்தி வருபவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். 9.00க்கு நுவரெலியா, 9.15க்கு கந்தப்பளை பஸ், 60 ரூபா. அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு த்ரீவீல், 400 ரூபா.

த்ரீவீல்காரர் ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னாங்கக்கா, மீனா?" என்று கேட்டார்.

"இல்லைங்க தம்பி, தேயிலைச் சத்து. சீடி அளக்கப் போறோம்."

"சீடியா? இப்ப யாருங்கக்கா சீடி கேக்குறா, எல்லாம் போன்லதானே?" என்றார்.

தாரணி காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

ஆய்வுகூடம் சிறியதுதான். கருவிக்குப் பொறுப்பானவர் ரிஸ்வான் என்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை வெளியே அனுப்பாமல் கதவோரம் நாற்காலி போட்டுக் கொடுத்தார். விளக்கு எரியும் நேரமெல்லாம் கருவிக்குள் நைட்ரஜன் வாயு போய்க்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே கண்ணாடிகள் கெட்டுப்போகும் என்றார். சிலிண்டரில் மூன்றரை மணிக்குள் தீர்ந்துவிடும் அளவுதான் இருந்தது. அடுத்த சிலிண்டர் வர இரண்டு வாரம். எங்களிடம் ஐந்து குழாய்: ஒரே கொழுந்து, ஐந்து விதமாகச் சூடு காட்டியது. எல்லாவற்றிலும் தியானின் அளவு ஒன்றுதான்; அதை அவள் முன்பே சரிபார்த்து வைத்திருந்தாள்.

குழாயில் இருப்பதை ஊற்றி ஒளிக்கு முன்னால் வைக்க ஒரு குவார்ட்ஸ் செல் வேண்டும். தீப்பெட்டியைவிடச் சின்னது; ஒளி போகும் இரண்டு பக்கம் மழுமழுப்பு, மற்ற இரண்டும் சொரசொரப்பு. சாதாரணக் கண்ணாடி கழியூதாவை மறித்துவிடும், குவார்ட்ஸ் மறிக்காது. அதை அவளுடைய ஆசிரியை கடனாகக் கொடுத்திருந்தார். தாரணி தானே கழுவி, துணி சுற்றிப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

10.45க்கு வெறும் தண்ணீரை ஊற்றி ஆரம்பித்தார்கள். எடுத்த எடுப்பில் தண்ணீரைத்தான் அளந்து பார்க்க வேண்டுமாம், திரையில் கோடு நேராக வருகிறதா என்று. நேராக வந்த கோடு, அவளுக்கு வேண்டிய இடம் நெருங்கியதும் பைத்தியம் பிடித்த மாதிரி மேலும் கீழும் ஆடியது. தண்ணீரை மாற்றினார்கள். வாயுவைக் கூட்டினார்கள். பதினொன்றரை ஆகிவிட்டது.

"லாம்ப்தான் போச்சு போல, மிஸ். புதுசு எடுப்பிக்க மூணு மாசமாவது போகும்," என்றார் ரிஸ்வான்.

"செல்லா இருக்குமோ?"

"நீங்கதானே கழுவினேன்னு சொன்னீங்க?"

"ஆமா, நானேதான். யாரும் தொடல."

தாரணி என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "வெறும் தண்ணிம்மா. அதுலகூட ஒளி போக மாட்டேங்குது."

சரஸ்வதி பூசையன்று அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, அவளுடைய புத்தகங்களோடு அந்தச் செல்லையும் துணியிலிருந்து எடுத்து சுவாமி பாதத்தில் வைத்தவள் நான். கடையில் தராசு, கத்தரிக்கோல், கல்குலேட்டர் எல்லாவற்றுக்கும் வைப்பதுபோல அதற்கும் சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். நல்லபடி முடியட்டும் என்றுதான். மறுநாள் காலையில் ஈரத்துணியால் துடைத்து, இருந்தபடியே சுற்றி வைத்துவிட்டேன். பளிச்சென்றுதான் இருந்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். லாம்ப் என்றே போயிருக்கும். ஒரு நிமிடம் அப்படி நினைத்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"தாரணி, நான் பொட்டு வெச்சேன்டி," என்றேன்.

"எதுக்கும்மா?"

"செல்லுக்கு. பூசையில."

"எந்தப் பக்கம்?"

"மழுமழுன்னு இருக்குற பக்கம். அதுதானே முகம் மாதிரி இருந்துச்சு."

ரிஸ்வான் செல்லை வெளியே எடுத்துவிட்டுக் கருவியைச் சும்மா ஓட்டிப் பார்த்தார். கோடு அசையாமல் நேராகப் போனது. "மிஸ், லாம்ப் நல்லாருக்கு!" என்றவர், என்னைப் பார்த்து, "நீங்க சொல்லாட்டி நான் லாம்பைக் கழட்டியிருப்பேன்மா," என்றார்.

சந்தனத்தின் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத படலமாக நின்றுவிடுமாம். நம் கண் பார்க்கும் ஒளிக்கு அது இல்லாதது மாதிரி. கழியூதாவுக்கு அது சுவர். சவர்க்காரத் தண்ணீர், அற்ககோல், காய்ச்சி வடித்த தண்ணீர் என்று மாறி மாறிக் கழுவினார்கள். விளக்கை அணைத்தால் மறுபடி சூடேற நேரம் போகும் என்று எரியவிட்டே வைத்ததால், வாயு தீர்ந்துகொண்டே இருந்தது. கோடு நேராக வர ஒன்றேகால் ஆனது. நான் அவ்வளவு நேரமும் கந்த சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன், வாயை மட்டும் அசைத்து.

மிச்ச வாயுவில் மூன்று குழாய்தான் ஓட்டலாம் என்றார் ரிஸ்வான். தாரணி யோசித்து, சூடு காட்டாதது, நடுவில் உள்ளது, மிக அதிகம் காட்டியது என்று மூன்றை எடுத்தாள். முதல் குழாய்க்கு இருநூறு நானோமீட்டர் பக்கத்தில், அவளுக்கு வேண்டிய அந்த இடத்தில், கோடு மேலே எழும்பி ஒரு மேடு கட்டியது. இரண்டாவதுக்கும் கிட்டத்தட்ட அதே மேடு. மூன்றாவதில் மேடு கண்ணுக்குத் தெரியவே தாழ்ந்திருந்தது. வலக்கை வகை கலந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். "வந்துருச்சும்மா," என்று என் கையைப் பிடித்தாள். 3.20க்கு வாயு தீர்ந்தது. இரண்டு குழாய் அளக்காமலே ஐஸ் பெட்டிக்குள் திரும்பப் போயின.

கிளம்பும் முன் ஆய்வுகூடப் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது.

"கைரேகை பட்டுருச்சுன்னு எழுதிடுங்க மிஸ், எல்லாரும் அதுதான் எழுதுறது," என்றார் ரிஸ்வான். தாரணியும் பேனாவை எடுத்தாள்.

"சந்தனம்னே எழுதுடி. நாளைக்கு வேற யாராவது பொட்டு வெச்சுக் கொண்டாந்தா, தம்பிக்குத் தெரியணுமில்ல?" என்றேன்.

"இனிமே வர்றவங்ககிட்ட முதல்ல பூசை போட்டீங்களான்னுதான் கேக்கணும்," என்று ரிஸ்வான் சிரித்தார். அவளும் அப்படியே எழுதினாள்.

திரும்பும்போது 4.10க்கு நுவரெலியா பஸ்ஸைப் பிடித்து, இரவு 8.25க்கு வீடு. த்ரீவீல், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் போக வர 2,680 ரூபா. நுவரெலியாவிலிருந்து ஹட்டனுக்கு ஐந்து மணிக்குப் பிறகு பஸ் குறைவு, அதற்குள் கிளம்பிவிடுங்கள். கந்தப்பளைக் குளிருக்கு ஸ்வெட்டர் கட்டாயம். பிள்ளைகளுடைய கருவிக்குப் பொட்டு வைக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கே மனசு கேட்காது. அது வரும் பெட்டிக்கு வையுங்கள். எதைத் தொடலாம் என்று பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நான் கேட்கவில்லை. படிக்காத அம்மா என்று நினைப்பாளோ என்று.

வெள்ளிக்கிழமை அறிக்கையை ஒப்படைத்துவிட்டாள். மூன்று அளவு போதும் என்று ஆசிரியை ஏற்றுக்கொண்டார். ஒப்படைக்கும் முன் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். அட்டவணையில் இரண்டு கட்டம் வெறுமையாக இருந்தது. அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி. சந்தன எண்ணெய் என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். யார் பூசியது என்று அதில் இல்லை.

"என் பேரைப் போடலயா?" என்று கேட்டேன்.

"எந்த எண்ணெய்னு மட்டும்தான் அவங்களுக்கு வேணும்மா," என்றாள்.