பாஞ்சாலியின் பங்குக் கிணறு

கிளியனூரில் அண்ணன் தம்பி மூவருக்கும் பாகம் பிரிந்தபோது, பாஞ்சாலியின் புருஷன் சீனுவாசனுக்குக் கடைசிக் கொல்லை விழுந்தது. இளையவனுக்குக் கடைசிக் கொல்லை என்பதில் யாருக்கும் தப்பாக ஒன்றும் படவில்லை. சரளை கலந்த செம்மண். மழையை நம்பி மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுவார்கள். மழை வந்தால் எடுப்பார்கள், வராவிட்டால் அப்படியே விட்டுவிடுவார்கள். கிணறு மட்டும் பொது. மூத்தவர் கோதண்டபாணியின் நிலத்தில் இருந்த அந்தக் கிணற்றில் மூன்று வீட்டுக்கும் முறை வைத்துத் தண்ணீர்.

அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். மழைக் கொல்லையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்று சீனுவாசன் விழுப்புரத்தில் ஓர் அரிசி மில்லுக்கு நெல் அவிக்கப் போய்விட்டான். மாதம் ஒரு தடவை வருவான். வந்து உட்கார்ந்ததுமே திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றிப் பேசுவான். அவன் வேட்டியில் எந்நேரமும் புழுங்கல் வாடை அடிக்கும். பாஞ்சாலிக்கு அந்த வாடை பிடிக்கவில்லை. கொல்லை தண்ணீர் பாயும் தோட்டமானால் இவர் வீட்டோடு இருக்கலாம் என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

வருஷத்துக்கு ஒரு காரியம் என்று வைத்துக்கொண்டாள். முதல் வருஷம் வேலி. கிளுவைப் போத்துகளை வெட்டி வந்து சுற்றிலும் ஊன்றினாள். ஆடு புகுகிற கொல்லையில் பச்சை நிற்காது. அடுத்த கோடையில் ஏரி வற்றியதும், வண்டல் மண்ணைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கொட்டினாள். கோடை முழுக்கச் சுமந்தும் ஒரு மூலைதான் மூடியது.

மூத்த ஓரகத்தி வீரம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள்.

"ஏண்டி பாஞ்சாலி, ஏரியையே தூக்கியாந்து கொல்லையில வெச்சிடுவ போலருக்குதே?"

"ஏரி அங்கியே இருக்கட்டும்க்கா. மண்ணு மட்டும் வந்தா போதும்."

"ஒரு மூலைக்கே இப்டி மூச்சு வாங்குதே, மீதிக்கு இன்னா பண்ணப் போற?"

"மீதிக்கு மீதி வருஷம் இருக்குதில்ல?"

மூன்றாம் வருஷம் அந்த மூலையில் கத்திரி நட்டாள். முறை நாளில் தண்ணீர் இறைக்க அவளிடம் மாடு இல்லை. புருஷனின் நடு அண்ணன் சுப்பராயலு தன் மாடுகளைப் பூட்டித் தோல் சாலில் இறைத்துக் கொடுத்தார். பதிலுக்கு அவருடைய மல்லாட்டைக் கொல்லையில் அவள் களை எடுத்தாள். காய் வந்ததும் கூடையோடு திண்டிவனம் சந்தைக்குப் பஸ் ஏறினாள். முதல் தடவை பாதிக் கூடை வீட்டுக்கே திரும்பியது. முந்தின சாயங்காலமே பறித்துவிட்டதால் காயெல்லாம் தோல் சுருங்கிக் கிடந்தது. அடுத்த தடவை விடியலில் பறித்து, ஈரத் துணி போர்த்திக்கொண்டு போனாள். வெறுங்கூடையோடு வந்தாள்.

இப்படியே மூலை பாத்தியாகி, பாத்தி வரிசையானது. கத்திரிக்குப் பக்கத்தில் வெண்டை, வாய்க்கால் ஓரத்தில் கீரை. ஐம்பத்தெட்டில் கொல்லையில் முக்கால் பங்கு கறுத்த மண்ணாக இருந்தது. அந்த மாசி மாதம் சீனுவாசன் வந்தபோது முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"வர்ற தையில மில்ல விட்டுடுங்க. இங்கியே பொழைக்கலாம்."

அவன் எழுந்து போய்க் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். "தண்ணி இப்டியே இருந்தா வர்றேன்" என்றான்.

தண்ணீருக்கே ஆபத்து வந்தது. சித்திரையில் கிணற்றைத் தூர் எடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். தண்ணீரை அடியோடு இறைத்துவிட்டு, கிணற்றின் அடியை மூன்று பங்காகக் கயிறு போட்டுப் பிரிப்பார்கள். அவரவர் பங்கை அவரவர் வீட்டார் பாறை தட்டும்வரை வெட்டி மேலே அனுப்ப வேண்டும். பொழுது சாய்வதற்குள் முடிக்காத வீட்டுக்கு அந்த வருஷம் முறைத் தண்ணீர் கிடையாது. மற்ற இரண்டு வீடும் பங்கிட்டுக்கொள்ளும். போன வருஷம்வரை சீனுவாசன் எப்படியாவது வந்து வெட்டிவிட்டுப் போனான். இந்த வருஷம் மில்லில் லீவு தரவில்லை என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தான். கூலிக்கும் ஆள் அகப்படவில்லை. எல்லாரும் மரக்காணம் பக்கம் சவுக்கு வெட்டப் போயிருந்தார்கள்.

கோதண்டபாணி அந்த வருஷம் புதிதாகக் கரும்பு வைத்திருந்தார். தம்பி வரவில்லை என்று கேள்விப்பட்டதும் அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

தூர் எடுக்கிற அன்று பாஞ்சாலி புடவையை நடவுக்குச் சொருகுவதுபோல் இழுத்துச் சொருகிக்கொண்டு, மண்வெட்டியோடு கிணற்று மேட்டில் வந்து நின்றாள். கூடவே, கயிறு இழுக்க, அவளோடு களை எடுக்கும் அடுத்த வீட்டு அம்சா.

"இன்னாம்மா இது?" என்றார் கோதண்டபாணி. "பொம்பள கெணத்துல எறங்கறதா? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"பேசறவங்களுக்கு ஒரு மம்முட்டி குடுங்க மாமா. பேசிக்கினே வெட்டட்டும்."

கோதண்டபாணியின் மகனோடு ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்த சுப்பராயலுவின் சிரிப்பு கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. கோதண்டபாணி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எறங்கட்டும், எறங்கட்டும். உச்சிப் பொழுதுக்குள்ள தானா ஏறி வந்துடும்."

"ஏ பாஞ்சாலி," என்றாள் அம்சா, "கூடையில நீயும் ஒக்காந்து வந்துடாத. என்னால தூக்க முடியாது."

படிக்கல்லில் கால் வைத்து இறங்கினாள். அவள் பங்கில்தான் ஊற்றுக்கண் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அது எவ்வளவு தொல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. வெட்ட வெட்டச் சேறு சரிந்து வந்து குழியை நிரப்பியது. உச்சிப் பொழுதில் மற்ற இரண்டு பங்கிலும் பாதி வேலை ஆகிவிட்டது. அவள் பங்கு காலையில் இருந்தபடியே கிடந்தது. மேலேயிருந்து வீரம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏறி வந்துடுடி. பேஜாரு எதுக்கு? கரும்புக்குப் பாயற தண்ணியில ரெண்டு கொடம் நீயும் எடுத்துக்க, யாரு வேணான்றது?"

பாஞ்சாலி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சேற்றைப் பார்த்தாள். முழுப் பங்கையும் ஒரேயடியாக வெட்ட நினைத்ததுதான் தப்பு என்று தோன்றியது. தோட்டத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. ஒரு பாத்தியளவு இடத்தை மட்டும் பிடித்தாள். சுற்றிலும் கல்லை அடுக்கிச் சேற்றைத் தடுத்தாள். அந்தச் சதுரத்தைப் பாறைவரை வெட்டிவிட்டுக் கல்லை எடுத்து அடுத்த சதுரத்துக்கு அணை போட்டாள். பக்கத்துச் சதுரத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கூடைகள் மேலே போய்க்கொண்டே இருந்தன.

சுப்பராயலு தன் பங்கை முடித்து ஏறிப் போனார். மேலே அம்சாவின் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. அவர் கயிற்றை வாங்கித் தானே இழுத்தார். கோதண்டபாணி, "டேய், வழக்கம் இருக்குது" என்றார்.

"கயித்த இழுக்கக் கூடாதுன்னு எந்த வழக்கத்துலண்ணே இருக்குது?"

பொழுது சாயுமுன் கோதண்டபாணியே கடப்பாரையோடு இறங்கி வந்தார். பாஞ்சாலி ஓரமாக ஒதுங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவர் அவள் பங்கில் நாலா பக்கமும் குத்திப் பார்த்தார். எங்கே குத்தினாலும் கணீரென்று பாறை. ஊற்றுக்கண்ணில் தண்ணீர் கொப்பளித்தது.

"எங்க பங்கவிட ஆழமாப் போயிட்டியேம்மா" என்றார்.

"ஊத்து விடலையே மாமா."

அவர் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார். மேலே போய், "அடுத்த முறை சீனு வூட்டுது" என்று யாரையும் பார்க்காமல் சொன்னது கீழே கேட்டது.

அவள் பங்கு ஆழமாகிவிட்டதால் வற்றிய காலத்தில் தண்ணீரெல்லாம் அங்கேதான் தேங்கியது. வைகாசியில் மூன்று வீட்டுச் சால்களையும் அந்தப் பக்கம் மாற்றிப் பூட்டினார்கள். கோதண்டபாணியின் கரும்பும் அந்தத் தண்ணீரில்தான் நின்றது.

ஐம்பத்தொன்பது தையில் சீனுவாசன் தகரப் பெட்டியோடு பஸ்ஸைவிட்டு இறங்கினான். மறுநாள் அவர்கள் முறை. நடு அண்ணனின் மாடுகளை வாங்கிப் பூட்டினான். கிணற்று மேட்டில் மாட்டைப் பின்னுக்கு நடத்தும் பழக்கம் அவனுக்கு விட்டுப்போயிருந்தது. சால் பாதி வழியிலேயே கொட்டியது. மூன்றாவது சாலில் கை பழகிவிட்டது. அப்புறம் விரட்ட ஆரம்பித்தான்.

"மெதுவா ஓட்டுங்க," என்று பாஞ்சாலி வெண்டைப் பாத்தியின் மடையிலிருந்து குரல் கொடுத்தாள். "தண்ணி கரையத் தாண்டிப் போவுது."