லென்ஸுக்கு ஒரு ரிஜெக்‌ஷன் நோட்

மூன்று மாதம் முன்பு நான் ஒரு லென்ஸுக்கு ரிஜெக்‌ஷன் நோட் எழுதினேன். முறைப்படி, நான்கு நகல்கள்.

சிரிக்காதீர்கள். முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன் நான். ஒரு பொருள் சரியில்லை என்றால் எனக்குத் திட்டத் தெரியாது. படிவம் நிரப்பத்தான் தெரியும்.

ரிடயர் ஆனதும் எல்லோரும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். சிலர் கோயில் கமிட்டி. சிலர் சர்க்கரை நோய். நான் செகண்ட் ஹேண்டில் ஒரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா.

இந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஓரமாக ஒரு சின்ன ஜன்னல். அதில் வலது கண்ணை வைத்துப் பார்த்தால், நடுவில் மட்டும் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ். போனில் இதெல்லாம் தானாகவே நடக்கிறதே? நடக்கிறது. அதனால்தான் அதில் எனக்கு வேலை இல்லை.

கேமரா ஒன்றுதான். லென்ஸ்தான்... எப்படிச் சொல்வது? தெருவுக்கு 28 மி.மீ. வீட்டுக்குள் எடுக்க 35. முகத்துக்கு 50. தூரத்து ஆளுக்கு 90. ஒவ்வொன்றையும் வாங்கும் முன்பு ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். கடைசிக் கட்டம், ‘தேவைக்கான காரணம்’. 90-க்கு நேரே ‘இருக்கட்டுமே’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

“குழம்புக்கு ஒரு கரண்டி, ரசத்துக்கு ஒரு கரண்டின்னு நான் வாங்கினப்ப, எல்லாம் கரண்டிதானேன்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?” என்றாள் மனைவி.

ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாவது லென்ஸ் அட்டவணை இல்லாமல் வந்தது. கொடுத்தவர் முனுசாமி. மாரிகுப்பத்துக்காரர். எங்கள் ஊர்த் தங்க மைன்ஸில் சர்வே ஆபீஸ் ஆட்களோடு கருவிகளைத் தூக்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கியவர். தினமும் காலையில், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு வரை என்னோடு நடப்பவர். சர்வே ஆபீஸ் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது ஒரு பழைய ஃபிலிம் கேமராவை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கேமரா செத்துவிட்டது. அதன் 50 லென்ஸை மட்டும் அலுமினிய டிபன் பாக்ஸில், வறுத்த அரிசிக்குள் புதைத்து, ஈரம் அண்டாமல் இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருந்தார். ஒரு வளையம் மாட்டினால் என் கேமராவில் பொருந்தும்.

“இந்தாங்க சார். என்கிட்ட இருந்தா அரிசிய பாத்துகினு இருக்கும். உங்ககிட்ட இருந்தா ஊர பாக்கும்.”

“பதிலுக்கு நான் என்ன செய்யட்டும்?”

“இன்னாத்துக்கு சார் பதிலு? வர்ற ஞாயித்துக்கெழம எங்க கல்யாண நாளு. நாப்பது வருசம் ஆவுது. நானும் கஸ்தூரியும் சேந்து ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. தாலி கட்டுன அன்னிக்கு அப்புறம் நாங்க ஒண்ணா இருக்கிற படம் ரேஷன் கார்டுலதான் கீது.”

பேத்தமங்களா ஏரிக்கரைக்குப் போனோம். நல்ல காலை வெயில். கஸ்தூரி பட்டுப்புடவை. முனுசாமி சலவைச் சட்டை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடைவெளி... நாற்பது வருடத்துக்கு அப்புறமும் வெட்கம்! பின்னணி மங்கி முகம் மட்டும் தெளிவாக விழட்டும் என்று லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து, முப்பது படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால் இரண்டு முகமும் மங்கல். சில படங்களில் முன்னால் இருந்த புல் துல்லியம். சிலவற்றில் பின்னால் மேய்ந்த எருமை, கொம்பு நுனி வரை துல்லியம். முனுசாமி தம்பதி மட்டும் எதிலும் இல்லை.

எழுதினேன் நோட். குறை: ஃபோகஸ் பிழை. முடிவு: சப்ளையருக்குத் திருப்பி அனுப்பவும். சப்ளையர்: திரு. முனுசாமி, மாரிகுப்பம்.

விளையாட்டுக்குத்தான் என்று இப்போது சொல்லலாம். அப்போது முக்கால்வாசி நிஜம்.

லென்ஸோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். முனுசாமி தன் வீட்டு வாசலில் நின்றபடியே படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

“சப்ளையரா சார் நானு?”

அவ்வளவுதான். நோட்டையும் லென்ஸையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் நடக்க வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போன் செய்தால் கஸ்தூரி எடுத்து, “வெளிய போய்கீறாருண்ணா” என்றார். பின்னால் இருமியது முனுசாமி.

நான் என்ன செய்தேன்? மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. என் தீர்ப்பு சரிதான் என்று நிரூபிக்கக் கிளம்பினேன். மேஜையில் ஸ்கேலைச் சாய்த்து வைத்து, நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து, என் மற்ற நான்கு லென்ஸ்களையும் சோதித்து ரிஜிஸ்டரில் பதிந்தேன். பதினைந்து நாள் வேலை. நான்கும் ஃபெயில்! இதுவரை துவாரத்தைச் சுருக்கியே தெருவை எடுத்து வந்ததால் எல்லாம் ஓரளவு தெளிவாக விழுந்து, குறை வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

“மிச்ச சப்ளையருக்கெல்லாம் நோட் போயாச்சா?” என்றாள் மனைவி. “கூட நடக்கறதுக்கும் டெண்டர் விட்டு ஒரு ஆளைப் புடிங்க.”

டெண்டரில் கிடைக்கிற ஆளா அவர்?

ரிஜிஸ்டரையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு மாரிகுப்பம் போனேன். ‘உங்களுடையது மட்டும் இல்லை, என்னுடையதும் எல்லாம் மோசம்’ என்று காட்டினால் அவர் மனம் ஆறும் என்று கணக்கு. இதை மன்னிப்பு என்று நானே நம்பியிருந்தேன்.

முனுசாமி முகம் கொடுக்கவில்லை. ஆனால் ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டார். அளவு எழுதிய தாளைக் கண்டால் சர்வே ஆபீஸ் ஆளால் சும்மா இருக்க முடியாது. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

“ஒரே லென்ஸு... ஒரு தபா முன்னால போகுது, ஒரு தபா பின்னால போகுது. இன்னா சார் இது?”

“அதான் சொல்றேன், சரியில்லை.”

“அஞ்சுமா?”

“அஞ்சும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வாரத்தில் முதல் தடவை.

“மைன்ஸ்ல ஒருத்தன் லேட்டா வந்தா அவன கேப்போம். ஷிஃப்டு மொத்தமும் லேட்டா வந்தா, சைரன் ஊதுனவன கேப்போம் சார்.”

கேமராவை என் கையிலிருந்து வாங்கினார். வாசலில் நின்ற கஸ்தூரியைப் பார்த்து வளையத்தைத் திருப்பினார். ஒரு படம். ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கஸ்தூரியின் புருவ முடியை எண்ணலாம். என் ரிஜிஸ்டர்படி அது ஃபெயிலான லென்ஸ்.

“அன்னிக்கு ஏரியாண்டயே பாத்தேண்ணா,” என்றார் கஸ்தூரி. “வலது கண்ண தேய்ச்சிகினே இருந்தீங்க. வெயிலுக்குன்னு நெனச்சேன்.”

இன்ஸ்பெக்‌ஷனில் முதல் பாடம்: பொருளை ரிஜெக்ட் செய்யும் முன் அளக்கும் கருவியைச் சரிபார். இதைப் புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். எல்லா கேஜுக்கும் சோதனை, தேதி, கையெழுத்து, ஸ்டிக்கர் உண்டு. என் வலது கண்ணுக்கு மட்டும் ஸ்டிக்கர் இல்லை.

“முனுசாமி, தப்பு என்னோடது,” என்றேன். படிவம் எதுவும் இல்லாமல் வாயால் சொல்வது எவ்வளவு கஷ்டம்!

“உக்காருங்க சார். டீ குடிச்சிட்டுப் போங்க.”

டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். கண்புரை. கண்ணுக்குள் வேறு லென்ஸ் வைக்க வேண்டும், அதில் மூன்று வகை இருக்கிறது என்றார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. ஒப்பீட்டு அட்டவணை கேட்க வாயைத் திறந்தேன்.

“நீங்களே ஒண்ணு வைங்க டாக்டர்,” என்றாள் மனைவி.

ஆபரேஷன் முடிந்து கண்ணில் மூடியோடு வெளியே வந்தபோது, படியில் கையைப் பிடித்து இறக்கியவர் முனுசாமி. காதருகில் கேட்டார்:

“இதுக்கு யாரு சார் சப்ளையரு?”

போன ஞாயிறு மறுபடியும் ஏரிக்கரை. அதே புடவை, அதே சலவைச் சட்டை, அதே டிபன் பாக்ஸ் லென்ஸ். ஜன்னலில் இரண்டு கஸ்தூரி, இரண்டு முனுசாமி. வளையத்தைத் திருப்பினேன். ஒன்றானார்கள். பெரிய பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். முனுசாமி அதைக் கை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார். பிறகு கிட்ட வைத்துப் பார்த்தார். “கஸ்தூரி சிரிக்குது சார்,” என்றார்.

நல்ல நேரம் பார்த்து அந்த நோட்டைக் கேட்டேன். ரத்து செய்வதற்கும் முறை இருக்கிறது. ஒரிஜினல் திரும்பி வர வேண்டும், குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

“அத குடுக்கமாட்டேன் சார். நாளைக்கே நீங்க வேற யாருக்காவது நோட்டு எழுதுவீங்க. அப்ப காட்டணும்ல?”

ஆக, மூன்று நகல்கள் என்னிடம். ஒரிஜினல் மாரிகுப்பத்தில், வறுத்த அரிசிக்குள்.