யோகனுடைய கெப்பின் ஆட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய்க்கதை சொல்கிற ஆள் இல்லை. ஜின் இருக்கிறது என்று மார்க்கம் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் இன்னார் வீட்டு மரத்தில் இருக்கிறது, இன்னார் மகளைப் பிடித்துவிட்டது என்று யாராவது என் கடைக்கு வந்து கதை அவிழ்த்தால், காற்று அடிச்சாச்சா, அப்ப போங்க என்று அனுப்பிவிடுவேன். கல்முனைக்குடியில் பதினெட்டு வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். ஒரு வாகனம் ஆடுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் அகப்படும், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஞானம். நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற மாதிரித்தான் நானும் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாண்டிருப்பில் யோகன் என்று ஒருவர் இருக்கிறார், மீன் வியாபாரம், ஒரு பழைய கெப் வைத்திருக்கிறார், சின்ன லொறி மாதிரி. முன்னால் மூன்று பேர் நெருங்கி இருக்கலாம், ஒரே நீள சீட். பின்னால் தட்டின் மேல் மீன் பெட்டி பொருத்தியிருக்கிறார், ஆள் குனிந்து நிற்கலாம், உள்ளே முழுக்க அலுமினியத் தகடு, சுவருக்கு நடுவே குளிர் போகாமல் ரெஜிபோம், கதவுக்கு ரப்பர். அந்தக் கெப் ஆடுகிறது என்று கொண்டு வந்தார். ஸ்டியரிங் ஆடினால் முன் சில்லு, சீட் ஆடினால் பின் சில்லு, இது எங்கள் தொழிலில் பால பாடம். ஆடியது சீட். பின் சில்லு இரண்டையும் பெலன்ஸ் பண்ணிக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றினேன், ரிம் வளைந்திருக்கிறதா என்று சுற்றிவிட்டுப் பார்த்தேன், பெயாரிங் மாற்றினேன், அடியில் போகிற நீளத் தண்டைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். நான்காவது தடவையும் வந்து நின்றார்.

"காக்கா, எனக்கென்ன விசரா? ஆடுது எண்டா ஆடுது. நீங்க ஒருக்கா இருந்து பாருங்களன்."

என்னைக் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாலும் யோகன் விளையாட்டுக்குக் கதைக்கிற மனிதர் இல்லை, ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதிகம். கடையில் நின்ற நாலு பேருக்கு முன்னால் அப்படிச் சொன்னதும் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. இன்றைக்குக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று லுஹர் தொழுதுவிட்டு வந்து அவரோடு ஏறினேன். என் போன் கடையிலேயே சார்ஜில் கிடந்தது, எடுக்கவில்லை.

காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை தாண்டி, இரண்டு பக்கமும் வயல் வருகிற அந்த நேர் ரோட்டுக்குப் போனோம். அவர் சொன்னது சரிதான், சீட் ஆடியது. ஆனால் எந்தப் பக்கத்துச் சில்லு என்று முன்னால் இருந்து பிடிக்க முடியவில்லை. பெட்டிக்குள் போய்ச் சில்லுக்கு மேலே கையை வைத்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். உள் கைப்பிடி உடைந்திருந்தது, வெளியிலிருந்துதான் திறக்கலாம். அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். கதவைக் கொஞ்சம் திறந்து வைப்போமா என்று யோகன் கேட்டார். கதவு அடித்துக்கொண்டு வந்தால் ஆட்டம் விளங்காது, இறுக்கிப் பூட்டுங்க என்று சொன்னதும் நான்தான். கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. முன் சுவரில் தட்டினால் அவருக்குக் கேட்கும். இரண்டு தட்டினால் வேகத்தைக் கூட்ட வேண்டும், மூன்று தட்டினால் நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

கதவு பூட்டியதும் கை தெரியாத இருட்டு. மீன் வாடை ஒரு பக்கம், அடித்த வெயிலுக்குத் தகடெல்லாம் சூடு. கெப் ஓடத் தொடங்கியது. இடப்பக்கச் சில்லுக்கு மேலே கையை வைத்தேன், ஆடியது. சரி, இதுதான் ஆள் என்று சந்தோஷப்பட்டு, ஒப்புக்கு வலப்பக்கமும் வைத்தேன், அங்கும் அதே ஆட்டம். பிறகு சில்லே இல்லாத நடு இடத்தில் வைத்தேன். அங்கே இன்னும் கூட. நம்பினால் நம்புங்கள், சில்லு வேகமாகச் சுற்றினால் ஆட்டமும் வேகமாக வரவேண்டும், கெப் வேகம் எடுத்தபோது இது வேகம் எடுக்கவில்லை, ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. போதும், வெளியே நின்று யோசிப்போம் என்று முன் சுவரில் மூன்று தட்டுத் தட்டினேன்.

கெப் வேகம் கூடியது.

கேட்கவில்லையாக்கும் என்று மறுபடி மூன்று, ஒவ்வொன்றாக, பலமாகத் தட்டினேன். இன்னும் கூடியது. நான் ஒரு பக்கம் சரிந்து விழுந்து, எழும்பி, அவரைப் பெயர் சொல்லிக் கத்தினேன். அந்தப் பெட்டியில் குரல் வெளியே போகாது, எனக்கே என் குரல் தலையணைக்குள் கத்துவது மாதிரித்தான் கேட்டது. அப்போதுதான் திடீரென்று பிரேக் பிடித்து நின்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று கதவுப் பக்கம் தவழப் போனேன். வெளியே ஹோர்ன் அடிக்கிறார், மாடு ரோட்டில் நிற்கிறது போல, திறக்க வரவில்லை.

கெப் நின்றுவிட்டது, சில்லு ஓடவில்லை, விளங்குகிறதா? ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

அப்போது எனக்கு அது என்னவென்று விளங்கிவிட்டது. வாங்குப் பலகையில் நமக்குப் பக்கத்தில் இருக்கிறவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தால் நாம் இருக்கிற பலகையும் சேர்ந்து அதிரும் இல்லையா, அதேதான். கதவடியில், என்னிலிருந்து ஒரு ஆள் நீளம் தள்ளி.

நான் பின்னுக்கு நகர்ந்து முன் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டேன். போகக்கூடிய ஒரே வழி கதவு, அதுவும் அந்தப் பக்கம், அதுவும் உள்ளே திறக்காத கதவு. கெப் மறுபடி கிளம்பியது. மூன்று தட்டினேன், வேகம் கூடியது. மூச்சு முட்டத் தொடங்கியது, காற்றுத் தீர்ந்துதான் முட்டியதா பயத்தில் முட்டியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆயத்துல் குர்ஸி ஓதினேன், சின்ன வயதிலிருந்து ஓதுகிறது, பாதியில் அடுத்த சொல் வரவில்லை. என் சின்ன மகளுக்கு அன்று பின்னேரம் சப்பாத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன், அந்த நினைப்பு வந்ததும் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நாற்பத்து மூன்று வயதில் மீன் பெட்டிக்குள் இருந்து அழுதேன். ஸ்பேனர் கையிலிருந்து விழுந்து எங்கேயோ உருண்டு போனது. அது ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கு எப்படி அந்த ஆத்திரம் வந்தது என்று தெரியாது, பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரை ஏசுவது மாதிரி வாயில் வந்துவிட்டது.

"கால ஆட்டாம கொஞ்சம் சும்மா இரிங்களன்!"

நின்றுவிட்டது.

அதுவரை பயந்தது ஒன்றுமில்லை, அது நின்றபோதுதான் உண்மையான பயம். சொன்னதைக் கேட்கிறதே. கொஞ்ச நேரம் ரோட்டுச் சத்தம் மட்டும்தான். பிறகு கதவுப் பக்கத்தில் தகட்டில் மூன்று தட்டுக் கேட்டது, அவசரமில்லாமல். கெப் மெல்ல ஓரம்கட்டி நின்றது.

யோகன் திறந்ததும் வெளிச்சத்தில் நான் வயல் கரையில் போய் விழுந்தேன். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் ஓடும். அவர் போத்தலைத் தந்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"யோகண்ண, மூண்டு மூண்டாத் தட்டினேனே, ஏன் நிப்பாட்டல்ல?"

"நீங்க ரெண்டு ரெண்டாத்தான் தட்டினீங்க. கூட்டச் செல்லுறீங்க எண்டு கூட்டினன். கடைசியாத்தான் மூண்டு தட்டினீங்க, நிப்பாட்டிட்டன்."

"எந்தப் பக்கம் கேட்டிச்சி?"

"பின்னால. கதவுப் பக்கம்."

நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும், மூன்றில் ஒன்று சத்தத்தில் அமுங்கியிருக்கும், தகட்டில் எதிரொலித்திருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு எழும்பினேன். கடைசி மூன்றை நான் தட்டவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. முன்னால் ஏறி, இடப்பக்கக் கதவோடு ஒட்டி இருந்தேன். யோகன் ஏறிச் சாவியைப் போடப் போனவர் கையை எடுத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"காக்கா, கொஞ்சம் தள்ளி இரிங்க."

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, தள்ளி நடுவில் வந்து இருந்தேன், கியர் தடி என் இரண்டு முழங்காலுக்கும் இடையில். எனக்கு இடப்பக்கம் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் வெறுமனே கிடந்தது. சம்மாந்துறை, காரைதீவு, கல்முனைக்குடி என்று வந்தோம். நான் அசையவே இல்லை, இடது கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரமும் சீட் கொஞ்சமும் ஆடவில்லை, அன்றிலிருந்து இன்று வரைக்கும் அந்தக் கெப் ஆடியதில்லை.

கடை வாசலில் நிறுத்தினார். எனக்கு இடப்பக்கத்தால் இறங்க மனம் வரவில்லை. யோகன் இறங்கித் தன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் ஸ்டியரிங்குக்குக் கீழால் காலை எடுத்துப்போட்டு, பார்த்தவர்கள் சிரிக்கச் சிரிக்க அவர் பக்கத்தால் இறங்கினேன். கதவைச் சாத்திவிட்டு, முன்னால் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். இடப்பக்கக் கதவைத் திறந்தார், ஒரு அடி ஒதுங்கி நின்றார், ஒரு ஆள் இறங்குகிற நேரம் பிடித்துக்கொண்டிருந்தார், பிறகு சாத்தினார். அவர் போய்விட்டார். அது என் கடை வாசல், நான் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறேன்.