காங்கேயம் போன சிறுவாணித் தண்ணீர்

எங்கள் வீட்டு ஆர்.ஓ. மிஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைப் பிடிக்க, போன வாரம் என் மகள் சிங்க்குக்கு அடியில் ஒரு பக்கெட் வைத்தாள். அவளுக்குப் புதிதாகப் பசுமை வாழ்க்கைப் பைத்தியம். துணிப்பை வந்துவிட்டது, மூங்கில் பிரஷ் வந்துவிட்டது. இனிமேல் இந்தப் பக்கெட் தண்ணீரில்தான் வீடு துடைக்க வேண்டுமாம். நல்ல விஷயம்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"அம்மா, அது குடிக்கற தண்ணி இல்லீங்கம்மா!" என்று பதறிவிட்டாள்.

அறுபதை நெருங்குகிற ஒருத்தி பக்கெட் தண்ணீரைச் சப்புக்கொட்டிக்கொண்டு நின்றால் யாரும் பதறத்தான் செய்வார்கள். ஆனால் எனக்கு நாக்கில் பட்டதுமே காங்கேயம் வந்துவிட்டது. அப்படியே அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

அப்போது நாங்கள் கோயமுத்தூர் செல்வபுரத்தில் குடியிருந்தோம். அப்பா மில்லில் ஃபிட்டர். குழாயைத் திறந்தால் இனிக்கிற சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். கோயமுத்தூர்க்காரர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக் காட்டாவிட்டால் எங்களுக்குச் சாப்பாடு செரிக்காது. அந்தப் பெருமையில் வளர்ந்த அக்காவைக் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல குடும்பம், நல்ல மாப்பிள்ளை. தண்ணீர் மட்டும்தான் உப்பு.

ஆடிக்கு அழைத்து வந்தபோது அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் குழாயடிக்குப் போய்ச் சொம்பு சொம்பாகக் குடித்தாள். "அங்க பருப்பே வேக மாட்டீங்குதுங்கப்பா. காப்பி வெச்சாத் திரிஞ்சு போகுது" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சந்தையில் இருப்பதிலேயே பெரிய, மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று வாங்கி வந்தார்.

அப்புறம் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குக் காங்கேயம்தான். வசதியுள்ள வீடுகளில் ஊட்டிக்குப் போனார்கள். எங்கள் டூர் இது. போசியின் மூடிமேல் ஈரத்துணி கட்டி, அப்பா அதைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் உட்காருவார். பல்லடம் வருவதற்குள் கண்டக்டர் ஒருவராவது கேட்டுவிடுவார்: "ஏனுங்க, பாலுங்களா?" அப்பா நிமிர்ந்து, "சிறுவாணிங்க" என்பார். நெய் என்று சொல்கிற மாதிரி சொல்வார். எனக்கு வெட்கமாக இருக்கும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கிளுவை வேலியும் அதற்குள் மேய்கிற மாடுகளும் வர ஆரம்பித்தால் அக்கா வீடு கிட்டத்தில் என்று அர்த்தம். வழியில் தின்ன அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றின் வாழையிலையைக்கூட அப்பா எறியவிட மாட்டார். அக்கா வீட்டு எருமைக்கு அது போகும்.

அந்த வீட்டில் தண்ணீர் உப்பாக இருந்ததே தவிர ஒரு சொட்டு வீணாகி நான் பார்த்ததில்லை. அரிசி கழுவினது எருமைக்கு, பாத்திரம் கழுவினது முருங்கைக்கு, குளித்தது அவரைப் பந்தலுக்கு. அந்த அவரைக்காய்தான் திரும்பும்போது எங்கள் போசி நிறைய இருக்கும். ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புகிற பழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. அவரை இல்லாத மாதம் தட்டைப்பயறு, அதுவும் இல்லாவிட்டால் ஒரு கை முருங்கைக்கீரையாவது போட்டு அக்காவின் மாமியார் தன் கையால் மூடிக் கொடுப்பார்.

ஒரு சித்திரை வெயிலில் அந்த வழக்கம் நின்றுபோனது. அன்று பஸ் வழியில் நின்று, வேறு பஸ் பிடித்து, ஸ்டாப்பிலிருந்து உச்சி வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தோம். அக்காவின் மாமியார் வழக்கம்போல "வாங்க சம்பந்தி, வா கண்ணு" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அப்பாவுக்கு நாக்கு வறண்டு கிடந்தது. என்ன நினைத்தாரோ, கையில் இருந்த போசியைத் திறந்து, மூடியில் ஊற்றி, மடமடவென்று குடித்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பகையாளி வீட்டில்தான் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அது அப்பாவுக்குத் தெரியாததல்ல. மூடியை வாயிலிருந்து எடுத்த பிறகுதான் நீட்டின சொம்பு நீட்டினபடியே இருப்பதைப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, எங்கூட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாதுங்களா? எம்பட மருமக இதத்தானுங்க குடிக்கறா."

"ஐயோ, அப்படியில்லீங்க. வெயிலு... கை மறதியாட்ட..." என்று அப்பா உளறினார். சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அது குடித்த மாதிரி ஆகவில்லை. அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சாப்பாடு போட்டார்கள், பேசினார்கள், எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. கிளம்பும்போது போசி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே ஒரு அவரைக்காய்கூட இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வெறும் போசியை அப்பா மடியிலேயே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அப்பா போகவில்லை. "சரியாப் போயிருக்குமுங்க, ஒருக்காப் போயிட்டு வாங்க" என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது? இனிப் போய் நின்னா அந்தப் புள்ளைக்குத்தான் பேச்சு" என்றுவிட்டார். விசேஷத்துக்குப் போனால் பந்தலிலேயே இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போசியைத் தேய்த்து, தண்ணீர் பிடித்து, துணி கட்டி வைப்பார். மதியத்துக்கு மேல் அம்மா அதை எடுத்துச் சமையலுக்கு ஊற்றிக்கொள்வாள். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்தத் துணி முடிச்சுதான் தாங்கவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்து, அக்காவின் மாமியாரும் போன பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் அக்காவிடம் கேட்டேன், அந்தத் தண்ணீர் இல்லாமல் ரொம்பக் கஷ்டப்பட்டாயா என்று.

அக்கா சிரித்தாள். "நான் எங்க கண்ணு அதக் குடிச்சேன்? ஆடிக்கு வந்துட்டுப் போன ஒரு மாசத்துல உப்புத் தண்ணி பழகிப்போச்சு. நீங்க கொண்டாந்தது பூரா அத்தைக்குக் காப்பி வெச்சே தீந்துபோகும். அவிங்களுக்கு அந்தக் காப்பின்னா உசுரு."

"அப்பறம் ஏன் ஒவ்வொரு தடவையும் தண்ணி ஆகலைன்னு அப்பாகிட்டச் சொன்னே?"

"பொண்ணப் பாக்கோணும்னு மாசாமாசம் வந்து நின்னா ஊரு சிரிக்காதா? தண்ணின்னு சொன்னாத்தான் அப்பா வருவாரு. அவரு வராம நின்னதும் அத்தை அடுத்த மாசமே கேட்டாங்க, உங்கப்பா ஏனம்மணி வரவே காணோம்னு. அன்னைக்கு ஏதோ கோவத்துல சொல்லிப்போட்டேன்னாங்க. அவரு வந்தாப் போசியில போடறதுக்குன்னு அவரையப் பறிச்சு வெப்பாங்க. முத்திப் போயிரும்."

அங்கே பறித்து வைத்த அவரை முற்றியது. இங்கே பிடித்து வைத்த தண்ணீர் குழம்புக்குப் போனது. இடையில் இரண்டே பஸ் தூரம். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம்.

இப்போது நான் ஊருக்கு வெளியே அடுக்ககத்தில் இருக்கிறேன். இங்கே சிறுவாணி வருவதில்லை, போர் தண்ணீர்தான். அதனால்தான் மிஷின். காரில் போனால் அக்கா வீடு ஒன்றும் தூரமில்லை. தினமும் போனில் முகம் பார்த்துக்கொள்கிறோம். நேரில் பார்த்துத்தான் வருஷம் ஒன்றாகப் போகிறது.

பக்கெட் தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஏனக்கா, உங்கூட்டுத் தண்ணி இப்ப எப்படி இருக்குது?"

"அதுக்கென்ன கண்ணு, மிஷின் போட்டதுல இருந்து சக்கரையாட்ட இருக்குது. ஏன் கேக்கற?"

"சும்மாதாங்க்கா" என்றேன்.

பரண்மேல் அப்பாவின் போசி இருக்கிறது. தண்ணீர் நன்றாக இல்லை என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த ஞாயிறே அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.