வாப்பாவின் கடைவாய்ப் பல்

எங்கள் வாப்பா சவூதியில் ஓர் உதிரிப்பாகக் கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முத்துப்பேட்டைக்கு வருவார். நான் பிறந்தபோது அவர் அங்கே. பிறகு வந்து என்னைத் தூக்கப் போனபோது, யாரோ பிள்ளை பிடிக்கிறவர் என்று நான் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டேனாம். தங்கச்சியும் வீல் என்று கத்தியவள்தான். அதனால் உம்மா மூன்றாவதாக உண்டாகியிருந்தபோது, இந்தப் பிள்ளையையாவது பிறந்த அன்றே கையில் வாங்கிவிட வேண்டும் என்று லீவில் வந்திருந்த வாப்பாவுக்கு ஒரே ஆசை. சவூதிக்குத் திரும்பும் பயணத் தேதியோ பேறு தேதிக்கு முன்னால் இருந்தது. டெலிபோன் பூத்துக்குப் போய் லீவை நீட்டித் தரச்சொல்லிக் கேட்டார். பெறப்போவது உன் மனைவிதானே, உனக்கு எதற்கு லீவு என்று அரபி முதலாளி போனை வைத்துவிட்டார்.

அந்தக் கவலையோடு பல்லும் சேர்ந்துகொண்டது. கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. எங்கள் தெருவில் பல்வலி என்றால் கிராம்பு, அதற்கும் அடங்காவிட்டால் குறடு. ஆனால் பட்டுக்கோட்டைக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா பல்லைப் பிடுங்காமலே வைத்தியம் செய்கிறார் என்று பேச்சு. அடம்பிடித்து நானும் கூடப் போனேன்.

"பயப்படாதீங்க பாய். பல்லு அங்கேயேதான் இருக்கும். உள்ள கெட்டுப்போன நரம்ப மட்டும் எடுத்து, சுத்தம் பண்ணி அடைச்சிடுவோம். ரூட் கெனால்னு பேரு. நாலு தடவ வரவேண்டியிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

ஊசி போட்டார். படம் எடுத்தார். முடி போன்ற கம்பிகளை ஒவ்வொன்றாகப் பல்லுக்குள் விட்டுத் திருகினார். அலறல் வரப்போகிறது என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். வந்தது குறட்டை. பல ராத்திரி தூங்காதவருக்கு மரத்துப்போன வாயும் சாய்வு நாற்காலியும் கிடைத்தால் என்ன செய்வார்? வீடு திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தார். உதடு எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாததால் டீ முழுவதும் வெள்ளைச் சட்டைக்குப் போயிற்று. நான் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்து, மிச்ச டீயையும் கொட்டிக்கொண்டார்.

பல்லை அடைத்து முடித்ததும், பயணத்துக்கு முன் அதன்மேல் உறை மாதிரி ஒரு கேப் போட்டுவிடலாம் என்று டாக்டரம்மா அளவெடுத்தார். "அதுவரைக்கும் இந்தப் பல்லு வெறும் ஓடு மாதிரி. கெட்டியா எதையும் வலப்பக்கம் கடிச்சிடாதீங்க" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "நீதாம்மா பாத்துக்கணும்."

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? மூன்று வேளையும் வாப்பாவுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவேன். இடியாப்பத்துக்குக்கூட, "வாப்பா, இடப்பக்கம்!" என்று அதட்டுவேன். என்னைப் போலீஸ்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பெட்டி கட்டும் நாள் வந்தது. சவூதியில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஊறுகாய், கருவாடு என்று பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். உம்மா வழக்கம்போலப் பொருவிளங்காய் உருண்டை பிடித்திருந்தார். மாதக்கணக்கில் கெடாத பண்டம் அது. மற்றவர்கள் வீட்டு உருண்டையை உடைக்க அம்மிக்குழவி வேண்டும். உம்மாவுடையது வாயில் கரையும் என்று பெயர். அன்று பாகு எப்படியோ முறுகிவிட்டது. கை தவறி விழுந்த ஓர் உருண்டை உருண்டுபோய்ப் பீரோவில் இடித்து டங் என்றது.

வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையில் ஓர் உருண்டையை நீட்டினார் உம்மா. "இனிப்பு போதுமான்னு பாருங்க மச்சான்."

வாப்பா உருண்டையைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். பிறகு நிதானமாக அதை வலப்பக்கம் ஒதுக்கினார்.

"வாப்பா, அந்தப் பக்கம் இல்ல!"

மடக்.

"ஒடஞ்சிடுச்சா மச்சான்?" என்றார் உம்மா. உலையைப் பார்த்து, சோறு வெந்துடுச்சா என்று கேட்பாரே, அதே குரல்.

காவல் தவறிவிட்டதே என்று நான்தான் அழுதேன். டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். பாதிப் பல் போய்விட்டதாம்; ஈறைச் சீவி, பல்லைத் திரும்பக் கட்டி, மறுபடி அளவெடுக்க வேண்டுமாம். வாப்பா மறுபடி பூத்துக்குப் போனார். பிள்ளைப்பேற்றுக்கு இரங்காத முதலாளி பல்லுக்கு இரங்கினார். அவரும் ஒரு காலத்தில் பல் டாக்டர் நாற்காலியில் படுத்தவராம். வைத்தியத்தை முடித்துவிட்டே வா என்று சொல்லிவிட்டாராம்.

பல்லைக் கட்டிக்கொண்டு வாப்பா பட்டுக்கோட்டையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே தம்பி பிறந்தான். துணியில் சுற்றிய பிள்ளையை வாங்கி, வலது காதில் பாங்கு சொன்னார் வாப்பா. உதடு இன்னும் மரத்திருந்ததால் வார்த்தைகள் கொஞ்சம் கோணிக்கொண்டு வந்தன. கண்ணீர் மட்டும் நேராக இறங்கியது. அவரை அப்படிப் பார்த்ததில் எனக்குப் பதறிவிட்டது. வலி தாங்காமல்தான் அழுகிறார் என்று நினைத்தேன். கட்டிலில் கிடந்த உம்மாவிடம் போய், "வாப்பா பல்லு ஒடஞ்சது எல்லாம் உங்களாலதான்" என்று சண்டைக்கு நின்றேன்.

"ஆமாம்மா, என்னாலதான்" என்றார் உம்மா.

தப்பை ஒப்புக்கொள்கிறவர் முகத்தில் ஏன் அவ்வளவு பெருமை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.